மண்டோர் வெட்டிய கொடி

பீப், பீப், பீப் என்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

பசாரிலிருந்து திரும்பி கேட்டைத் திறந்துகொண்டிருந்த லோகேஸ்வரிக்கு அந்தச் சத்தம் வாசலிலேயே கேட்டது. ஹாலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரப்பதம் எழுபதுக்குக் கீழே இறங்கினால் கத்துவதற்காக, ஜொகூரில் வேலை பார்க்கும் மகள் ஷாமினி பொருத்திக் கொடுத்த கருவி அது. நான்கு வருடத்தில் இரண்டே தடவைதான் கத்தியிருக்கிறது. இரண்டு தடவையும் அம்பாங்கான் முழுக்க மின்சாரம் போயிருந்தது.

இன்று ஹாலில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். பெட்டியின் கதவு விரியத் திறந்து கிடந்தது. எப்போதும் பனி மூடியிருக்கும் கண்ணாடி, துடைத்துவிட்டது போலத் தெளிவாக இருந்தது. அதன் முன்னால் அவள் கணவர் தர்மராஜ் குந்தியிருந்தார். கையில் வெங்காயம் நறுக்கும் கத்தி.

"என்னங்க பண்றீங்க?"

அவர் எழுந்து ஒதுங்கி நின்றார். லோகேஸ்வரி பெட்டிக்குள் பார்த்தாள். கீழே தொட்டி மண்ணிலிருந்து நான்கு விரல் உயரத்தில் கொடி வெட்டப்பட்டிருந்தது. சாய்வாக, ஒரே வெட்டு.

"கைப் பழக்கம், லோகா" என்றார் தர்மராஜ். "மரத்துல கொடி ஏறி நிக்கிறத பாத்தேன். கை போயிருச்சு."

லோகேஸ்வரி முதலில் பெட்டியின் கதவைச் சாத்தினாள். பனி கக்கும் சின்ன மிஷினை முழு வேகத்துக்குத் திருகினாள். அதற்குப் பிறகுதான் பசார் பையைக் கீழே வைத்தாள். கருவி இன்னும் இரண்டு நிமிடம் கத்திவிட்டு ஓய்ந்தது.

கொடி என்றால் சாதாரணக் கொடி இல்லை. அதன் இலைகள் காற்றில் ஆடாது. ஒவ்வொன்றும் மரப்பட்டையோடு பட்டையாக, பசை தடவி ஒட்டியது போலப் படிந்திருக்கும். ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டே போகும். கறுப்புக்கு நெருக்கமான பச்சை, அதில் வெள்ளி நரம்பு. மொத்தம் நான்கடி உயரம், நாற்பத்தியோரு இலை.

அது கிடைத்தது பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில். தர்மராஜ் அங்கே இருபத்தாறு வருடம் மண்டோராக ஆட்களை மேய்த்தவர். செம்பனை மரங்களில் ஏறும் கொடிகளை ஒழிப்பதுதான் அவருடைய ஆட்களுக்கு வேலை. லோகேஸ்வரி அதே தோட்டத்தில் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வருடம் களைமருந்து அடித்தவள். கணவன் வெட்டினார், மனைவி மருந்தடித்தாள். கொடி என்று ஒன்று அந்தத் தோட்டத்தில் தப்பிப் பிழைத்ததே ஆச்சரியம்தான்.

நான்கு வருடத்துக்கு முன்பு, மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்த்தார்கள். ஓடைக்கரையில் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் அவள் அதைப் பார்த்தாள். அந்த மாதிரி இலையை அதற்கு முன் அவள் கண்டதில்லை. மேனேஜரிடம் கேட்டு, கட்டை விரல் நீளத்துக்கு ஒரு துண்டு எடுத்து, ஈரத் துண்டில் சுற்றி, சோற்றுத் தூக்கில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தாள். அதே மாதம் தோட்டத்து லய வீட்டை விட்டு அம்பாங்கானுக்குக் குடி வந்தார்கள். தர்மராஜ் ஒரு தொழிற்சாலையில் கேட்டைக் காக்கும் ஜாகா வேலைக்குச் சேர்ந்தார். லோகேஸ்வரி செடி வளர்க்க ஆரம்பித்தாள்.

அரிய கொடி வளர்ப்பவர்கள் கைத்தொலைபேசியில் பெரிய கூட்டமாக இருந்தார்கள். அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டாள். மீன் தொட்டி செய்பவரிடம் சொல்லி நெஞ்சுயரக் கண்ணாடிப் பெட்டி, உள்ளே பாசி கட்டிய மரப்பட்டைப் பலகை, மேலே விளக்கு, கீழே பனி மிஷின். சின்னச் சின்னக் கொடிகளை வளர்த்து விற்றாள். இதை மட்டும் விற்கவில்லை. ஆரம்பத்தில் இரண்டு தடவை துண்டு வெட்டித் தனியாக வைத்துப் பார்த்தாள். இரண்டும் அழுகிவிட்டன. அதற்குப் பிறகு அதன் மேல் கத்தி பட்டதில்லை.

இன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை அந்தக் கொடி கோலா கிளாவாங்குக்குப் போக வேண்டும்.

அங்கே மலையடிவாரத்தில், சிரம்பான் வியாபாரி விக்னேஸ்வரன் ஒரு தங்கும் விடுதி கட்டியிருந்தார். வரவேற்பறைக்குப் பக்கத்தில் பெரிய கண்ணாடி வீடு. முழுக்க முழுக்க ஏறுகொடிகள். அவருடைய மகள் ஜனனிதான் அதைப் பார்த்துக்கொண்டாள். லோகேஸ்வரியின் கொடியைப் படத்தில் பார்த்துவிட்டு நேரில் வந்தவள், நடுப்பலகையில் இதுதான் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கூடவே, கண்ணாடி வீட்டைப் பராமரிக்கும் வேலையும் லோகேஸ்வரிக்கே. மாதச் சம்பளம், தங்குவதற்கு அறை, ஞாயிற்றுக்கிழமை விடுப்பு.

விக்னேஸ்வரனுக்கு அவ்வளவு இஷ்டமில்லை. கோலாலம்பூர் கம்பெனி ஒன்று செடியும் ஆளும் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தது. ஜனனி பிடிவாதம் பிடித்த பிறகு, "சரி, அந்தக் கொடி முழுசா வந்தா அந்தம்மாவும் வரட்டும்" என்று இறங்கி வந்தார். கொடி இல்லையென்றால் லோகேஸ்வரியும் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

ஐம்பத்திரண்டு வயதில், மருந்துப் பம்பைத் தூக்கிய முதுகோடு இருப்பவளுக்கு, கொடி வளர்ப்பதற்காக ஒருவர் சம்பளம் தருகிறேன் என்கிறார். அந்தச் செய்தி வந்த நாளில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தர்மராஜ் மட்டும் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "போயிட்டு வா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பொட்டிய என்ன பண்றது?" என்று கேட்டார். தொட்டி, மண், பலகை எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டால் பெட்டி காலிதானே, செல்லக்கா மீன் வளர்க்கக் கேட்டாள், கொடுத்துவிடலாம் என்று அவள் பதில் சொன்னாள்.

அந்தச் செல்லக்காதான் இப்போது வாசலில் நின்றாள். பக்கத்து வீடு. சத்தம் கேட்டு, கையில் கரண்டியோடு வந்திருந்தாள்.

"என்னா லோகா சத்தம்? கேஸ் லீக்கா?"

"இல்லக்கா. இவரு கொடிய வெட்டிட்டாரு."

செல்லம் பெட்டியை எட்டிப் பார்த்தாள். பிறகு தர்மராஜைப் பார்த்தாள்.

"ஏன் மண்டோரே, ஒங்களுக்கு எத்தன தடவ சொல்றது, தோட்டத்த விட்டு வந்தாச்சுன்னு? என் மணி பிளான்ட்ட முடிச்சீங்க. இப்ப பொண்டாட்டி கொடியா?"

போன வருடத்துக் கதை அது. செல்லத்தின் வீட்டுத் தென்னையில் மணி பிளான்ட் பதினைந்தடி ஏறிச் செழித்து நின்றது. தேங்காய் பறித்துத் தர வந்த தர்மராஜ், அதன் அடியைப் பாராங் கத்தியால் வெட்டி, மேலே ஒட்டிக்கொண்டிருந்ததை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் தரையில் குவித்துவிட்டார். செல்லம் கோப்பி கலக்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அடியை வெட்டு, மேலே இழு. இருபத்தாறு வருடம், காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பிரட்டில் ஆட்களிடம் அவர் சொன்ன பாடம் அது. அடியை மட்டும் வெட்டிவிட்டுப் போனால், மேலே இருப்பது மரத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் பச்சையாக நிற்கும். மேனேஜர் ரவுண்டு வரும்போது மண்டோருக்குத்தான் ஏச்சு விழும்.

"மனுஷனுக்கு ஒரு ஃபேனு, கொடிக்கு எந்நேரமும் பனின்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள் செல்லம். "வயித்தெரிச்சல் இருக்காதா?"

"வயித்தெரிச்சல் ஒண்ணும் இல்ல செல்லம்" என்றார் தர்மராஜ்.

"பின்ன என்னவாம்?"

"அதான் சொன்னேன்ல, கைப் பழக்கம்."

அவர் கத்தியைக் கழுவி வைக்கச் சமையலறைக்குப் போனார். செல்லம் குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க பாரு. அந்த அறுந்த எடத்த ஒட்ட வச்சு, சுத்தி பாசிய மூடிரு. வெள்ளிக்கெழம வரைக்கும் வாடாதுல்ல? வேன்ல ஏத்திட்டா அப்பறம் அவங்க பாடு."

"அங்க போயி வாடுனாலும் நான்தானேக்கா பக்கத்துல நிப்பேன்."

"அதுவும் சரிதான். அப்ப சொல்லிரு." செல்லம் கரண்டியை ஆட்டிக்கொண்டே போய்விட்டாள்.

லோகேஸ்வரி ஜனனியை அழைத்தாள்.

"லோகாக்கா, சொல்லுங்க. வேன் ரெடி பண்ணிட்டேன்."

"ஜனனி, கொடி அடியில அறுந்துபோச்சுமா."

"எப்படிக்கா?"

லோகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். சமையலறை வாசலில் தர்மராஜ் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"வீட்டுல கத்தி பட்டுருச்சு" என்றாள்.

"மேல எப்படி இருக்கு?"

"இப்ப நல்லாத்தான் இருக்கு. இல பின்னால இருக்கிற வேரு பலகையில புடிச்சிருக்கா, இல்ல சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கான்னு தெரியல. புடிச்சிருந்தா தாங்கும். இல்லன்னா நாலஞ்சு நாளுல சுருண்டுரும்."

"ஓகே. அப்பாகிட்ட இப்ப சொல்ல வேணாம். அந்த கே.எல். கம்பெனி பேப்பர் இன்னும் அவரு டேபிள்லதான் கெடக்கு. நான் வெள்ளி காலைல வர்றேன். இல ஒட்டிக்கிட்டு இருந்தா ஏத்துவோம். இல்லன்னா பாப்போம்லா. நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

ஃபோனை வைத்துவிட்டு லோகேஸ்வரி கணவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டாள். இரண்டு மணிக்கு அவர் ஜாகா வேலைக்குக் கிளம்பும்போது வழக்கம்போல ஃபிளாஸ்க்கில் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை எந்த மாற்றமும் தெரியவில்லை. அவள் விளக்கைப் பாதியாகக் குறைத்தாள். பலகையின் பாசியில் விரலை வைத்து ஈரம் பார்த்தாள். வேறு செய்வதற்கு எதுவும் இல்லை. கொடிக்கு அவசரம் தெரியாது. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஷாமினியின் பழைய பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலையில் கீழிருந்து முதல் இலை மஞ்சளாகியிருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது பின்பக்கக் கதவு திறந்தது. தர்மராஜ் ஒரு வாளியோடு வந்தார். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் இலையில் வெள்ளைக் கறை படியும் என்று அவள் யாரிடமோ ஃபோனில் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். நான்கு வருடத்தில் அவர் இந்தப் பெட்டிக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொண்டு வந்ததில்லை.

பனி மிஷினின் தொட்டியை அவரே நிரப்பினார். மிச்சத்தை, வெட்டுப்பட்ட அடிக்கட்டை நின்ற மண்ணில் கொஞ்சமாக ஊற்றினார்.

"அதுக்கு எதுக்கு?" என்றாள் லோகேஸ்வரி. இரண்டு நாளில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

"அது என்னா பாவம் பண்ணுச்சு?"

"ஒரு இல மஞ்சளாயிருச்சு. பாத்தீங்களா?"

"பாத்தேன். அது கீழ் இல. அது போகும். மேல சாகாது."

"ஒங்களுக்கு என்னா தெரியும்? வெட்டத்தானே தெரியும்."

"வெட்டுனவனுக்குத்தான் தெரியும், எது சாகாதுன்னு" என்றார் தர்மராஜ். சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் குரலில் இருந்த உறுதி அவளை நாற்காலியிலேயே உட்கார வைத்தது. தோட்டத்தில் ஒரு மரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தே, இது அடுத்த மழைக்குச் சாயும் என்று சொல்வார். சாய்ந்துவிடும். அந்தக் குரல்தான் இது.

அன்று சாயங்காலம் மஞ்சள் இலை உதிர்ந்தது. நாற்பது இலை. லோகேஸ்வரி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அந்த இலை இருந்த இடத்தில், தண்டிலிருந்து மெல்லிய வேர்கள் பலகைப் பாசிக்குள் போயிருப்பது தெரிந்தது. நான்கைந்து. தலைமுடி தடிமன்தான். அவள் பாசியைக் கலைக்காமல் கதவை மூடினாள்.

வியாழக்கிழமை ஒரு இலையும் விழவில்லை. உச்சியில், ஒரு வாரமாகப் பீடி மாதிரி சுருண்டு நின்ற தளிர் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. அது வாடித் தளர்கிறதா, விரியத் தளர்கிறதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஷாமினிக்குப் படம் எடுத்து அனுப்பினாள். "அம்மா, நீங்களே அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ பாத்தா அது எப்படி விரியும், வெக்கமா இருக்காதா?" என்று பதில் வந்தது. லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் கேட்டு, சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்த தர்மராஜ் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிப்பை நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விளக்கைப் போட்டாள். தளிர் விரிந்திருந்தது. புது இலை, இன்னும் வெளிர்பச்சை, கட்டைவிரல் நகம் அளவு. பலகையில் பட்டையாகப் படிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் மறுபடி எண்ணினாள். நாற்பத்தியொன்று.

ஒன்பது மணிக்கு வேன் வந்தது. ஜனனி உள்ளே வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் பெட்டியின் முன் மண்டியிட்டாள். நடுவில் இருந்த ஒரு இலையின் ஓரத்தை நகத்தால் மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். அது எழும்பவில்லை. இன்னொன்றைப் பார்த்தாள். அதுவும் எழும்பவில்லை.

"கெட்டியா புடிச்சிருக்கு அக்கா. மேல புது இல வேற வந்திருக்கு."

"இனிமே மண்ணு வேணாம் அதுக்கு. பாசி ஈரமா இருந்தா போதும்" என்றாள் லோகேஸ்வரி. "ஒங்கப்பாகிட்ட என்னா சொல்லுவ? முழுசா வரணும்னு கேட்டாரே."

ஜனனி அங்கேயே கைத்தொலைபேசியை எடுத்தாள்.

"அப்பா, கொடி வருது. அடி அறுந்துருச்சு, ஆனா நல்லா ஏறிக்கிட்டு இருக்கு. ஆமா, நான் பாத்துட்டேன். இல்லப்பா, அறுந்ததும் மொத ஆளா அவங்கதான் ஃபோன் பண்ணி சொன்னாங்க." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு லோகேஸ்வரியைப் பார்த்துத் தலையாட்டினாள். "சரிப்பா. அக்காவும் வர்றாங்க. ரூம் தொறந்து வைக்கச் சொல்லுங்க."

பலகையைப் பெட்டியிலிருந்து எடுப்பது எளிதாக இருந்தது. தொட்டியோடு இணைப்பு இல்லாததால், தர்மராஜும் ஜனனியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் தாளால் மூடி, வேனில் நிற்க வைத்தார்கள். செல்லம் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டிய எப்ப அனுப்புற லோகா? மீனு வாங்கணும்ல."

"இருங்கக்கா, சொல்றேன்."

துணிப்பையை எடுக்க லோகேஸ்வரி உள்ளே திரும்பினாள். தர்மராஜ் ஏற்கெனவே உள்ளே போய்விட்டிருந்தார். காலியான பெட்டிக்குள் கையை விட்டு, அடிக்கட்டை இருந்த தொட்டியை நடுவுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

நான்கு விரல் கட்டை. அதில் இரண்டு கணு. மேல் கணுவின் இடுக்கில் கடுகளவு பச்சை முட்டிக்கொண்டு வந்திருந்தது.

அவள் அதைத் தொடவில்லை. வெட்டைப் பார்த்தாள். மண்ணோடு மண்ணாக வெட்டாமல், இரண்டு கணுவைக் கீழே விட்டு, தண்ணீர் தங்காதபடி சாய்வாக வெட்டிய வெட்டு. திங்கட்கிழமை அவள் கண்ணில் பட்டதுதான். அன்று அதை யோசிக்கத் தோன்றவில்லை.

"இத செல்லத்துக்குக் குடுத்துறாத" என்றார் தர்மராஜ். "இங்கயே இருக்கட்டும். தண்ணி நான் காட்டுறேன். ஞாயித்துக்கெழம வருவல்ல, சரியா வளக்குறேனான்னு வந்து பாரு. வேற ஒண்ணும் வேணாம்."

வெளியே ஜனனி ஹார்ன் அடித்தாள்.

"கைப் பழக்கம்னு சொன்னீங்க?" என்றாள் லோகேஸ்வரி.

அவர் பெட்டியின் கதவைச் சாத்தினார். பனி மிஷினைத் தட்டிவிட்டார். கண்ணாடி மெல்ல மெல்ல வெளுக்க ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னார்.

"கைப் பழக்கமா இருந்தா, மேல இருந்ததையும் சேத்து இழுத்திருப்பேன்ல, லோகா."